வைரஸ் எல்லாமே வில்லன் இல்லை!

'வைரஸ்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நம் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஞாபகம் வரும். பாட்டிக்கு அம்மை. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. அம்மாவுக்கு டெங்கு. பிள்ளைகளுக்கோ 2020-ல் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிய கொரோனா. ஆக, வைரஸ் என்றால் வியாதி. வேறு அர்த்தமே கிடையாது என்று முடிவு கட்டிவிட்டோம்.

பாக்டீரியாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தோம். பிறகு, பாலைத் தயிராக்குவதும் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அதே பாக்டீரியா வகையறாதான் என்று தெரிந்தது. 'கெட்டதும் உண்டு, நல்லதும் உண்டு' என்று மனசு சமாதானமானது. வைரஸுக்கு மட்டும் அந்தச் சலுகையை நாம் இன்னும் தரவில்லை.

"தராட்டி என்ன இப்போ? வைரஸுக்கு வக்காலத்து வாங்கி நமக்கு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கிறீர்களா? ஆகிறது. வைரஸ் வேறு, பாக்டீரியா வேறு என்ற வித்தியாசம் புரியாததால் வீட்டுக்கு வீடு தப்பான மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறோம். இதை நமக்குப் புரிய வைக்க வேண்டியது யார்? டாக்டர் மட்டுமா? லேபில் உட்கார்ந்திருக்கும் விஞ்ஞானிக்கும் அந்தக் கடமை உண்டு என்பதுதான் என் கட்சி. அதைச் சொல்ல எனக்கு உதவிக்கு வருகிறவர், கடலில் வைரஸ் தேடும் ஒரு பெண்மணி.

ஒரு டீஸ்பூன் கடல்

கடலில் வைரஸா? ஆமாம். 1989-ல் நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், நீர்நிலைகளிலும் கடலிலும் எடுத்த தண்ணீரை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணிப் பார்த்தார்கள். அதுவரை போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் தவிடுபொடியானது. கடலின் மேல்மட்டத்துத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமாராக ஒரு கோடி வைரஸ் என்பது இன்றைய கணக்கு. நாம் இருமல் மருந்து குடிக்கும் டீஸ்பூன் இருக்கிறதே, அந்த அளவு கடல் தண்ணீரில் கிட்டத்தட்ட 5 கோடி!

"ஐயையோ, போன லீவுக்குக் குழந்தைகளைக் கடலில் குளிக்க விட்டோமே!" என்று பதற வேண்டாம். வைரஸுக்கும் அது தொற்றும் உயிருக்கும் உள்ள சம்பந்தம் பூட்டு சாவி சம்பந்தம் மாதிரி. ஒரு சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது. கடல் வைரஸ்களில் மிகப் பெரும்பாலானவற்றின் சாவி, கடலில் வாழும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களுக்குத்தான் பொருந்தும். மனித உடம்பின் பூட்டு அவற்றுக்குத் திறக்காது. கடலில் குளித்துவிட்டு வயிற்றுப்போக்கு, கண்வலி என்று வந்தால், நாம் முதலில் சந்தேகப்பட வேண்டியது கடலில் போய்க் கலக்கும் சாக்கடையைத்தான்.

சரி, அங்கே அந்த வைரஸ்களுக்கு என்ன வேலை? கடலிலுள்ள நுண்ணுயிர்களின் மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அவை தினமும் கொல்கின்றன என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள். கேட்க அழிவு மாதிரி இருக்கிறது. ஆனால், ஒரு பாக்டீரியா வெடித்தால் அதற்குள் இருந்த சத்தெல்லாம் தண்ணீரில் கலந்து மற்ற நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடாகிறது. இல்லாவிட்டால், யாரோ ஒருவர் மளிகைச் சாமானை எல்லாம் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்ட கதையாகிவிடும். உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் சுமார் பாதி கடலில் நடக்கிறது. அதைச் செய்கிற கண்ணுக்குத் தெரியாத பயிர்களுக்கு உரம் போய்ச் சேருவதில் இந்த வைரஸ்களுக்கும் பங்கு உண்டு. நாம் இழுக்கிற மூச்சுக்கும் கடல் வைரஸுக்கும் தூரத்து உறவு இருக்கிறது!

கிழிந்த காகிதங்களைப் படித்த மாணவி

இப்போது அந்தப் பெண்மணிக்கு வருவோம். பெயர் மையா பிரைட்பார்ட். அமெரிக்கர். ஃபுளோரிடாவில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, கலிஃபோர்னியாவின் சான்டியாகோவில் ஃபாரஸ்ட் ரோவர் என்ற பேராசிரியரிடம் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். பவளப் பாறைகளையும், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களையும் ஆராய்வது ரோவரின் வேலை.

அந்தக் காலத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு வைரஸைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதை லேபில் வளர்க்க வேண்டும். அதை வளர்க்க, முதலில் அது தொற்றும் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். கடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் வளர மாட்டேன் என்று அடம்பிடிப்பவை. அப்புறம் எப்படி?

வளர்க்கவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கடல் தண்ணீரிலிருந்து வைரஸ்களை மட்டும் வடிகட்டி, எல்லாவற்றின் மரபுப் பொருளையும் ஒட்டுமொத்தமாகத் துண்டு துண்டாகப் படிப்பது. பழைய பேப்பர் கடையில் கிழிந்து கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கிப் படித்து, 'இங்கே எத்தனை புத்தகம் இருந்திருக்கும், என்னென்ன புத்தகம்?' என்று கண்டுபிடிக்கிற மாதிரியான வேலை. 2002-ல் வெளிவந்த அந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர், மாணவியாக இருந்த மையாவினுடையது. முடிவு என்ன தெரியுமா? படித்த துண்டுகளில் 100-க்கு 65-க்கும் மேல், அதுவரை மனிதன் பதிவு செய்திருந்த எதனோடும் பொருந்தவில்லை!

வேறு ஒருவராக இருந்தால், "பாதிக்கு மேல ஒண்ணுமே புரியலையே" என்று விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். இவர் அந்தப் புரியாததையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். பிறகு ஃபுளோரிடாவிலேயே, தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் கல்லூரியில் பேராசிரியரானார். கட்டி வந்து அவதிப்படும் கடல் ஆமை, கடல் சிங்கம், கொசு என்று ஒவ்வொன்றிலும் என்னென்ன வைரஸ் இருக்கிறது என்று தேடினார். 'பாப்புலர் சயன்ஸ்' பத்திரிகை 2013-ல் தேர்ந்தெடுத்த 10 இளம் விஞ்ஞானிகளில் இவரும் ஒருவர்.

இவருடைய குழுவின் நேர்மைக்கு ஓர் உதாரணம். 2022-ல் கரீபியன் கடலில் நீளமுள் கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பாசியை மேய்ந்து பவளப் பாறையைக் காப்பாற்றுகிற ஜீவன்கள் அவை. வைரஸ் தேடுகிறவர்களின் கையில் கேஸ் வந்தால் வைரஸ் மேல்தானே பழி விழும்? விழவில்லை. இவரும் வேறு சில ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2023-ல் கைகாட்டிய குற்றவாளி, மயிரிழைகளால் நீந்தும் ஓர் ஒற்றைச் செல் உயிரி. வைரஸுக்கு விடுதலை!

மிளகாய் சொன்ன ரகசியம்

நம் அடுப்படிக்குச் சம்பந்தமான விஷயம் இனிமேல்தான். கடலில் கைவந்த அதே வித்தையை மனித மலத்தில் போட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு யோசனை. முகம் சுளிக்காதீர்கள். சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து இவர்கள் செய்த அந்த வேலை 2006-ல் வெளியானது.

ஆரோக்கியமான மனிதர்களின் மலத்தில் ஏராளமாகக் கிடைத்தது மனித வைரஸே அல்ல. மிளகாய்ச் செடியைத் தாக்குகிற ஒரு வைரஸ்! அதன் பெயர் பெப்பர் மைல்ட் மாட்டில் வைரஸ். மிளகாய், குடைமிளகாய், மிளகாய் சாஸ் என்று நாம் சாப்பிடுவதோடு அதுவும் உள்ளே போகிறது. அதன் சாவி செடியின் பூட்டுக்கு உரியது. அதனால் நம்மை ஒன்றும் செய்யாமல் வந்த வழியே போய்விடுகிறது. "அப்போ நாளையிலேர்ந்து சாம்பார்ல மிளகாய் வேண்டாமா?" என்று கேட்டுவிடாதீர்கள். தாராளமாகப் போடுங்கள்.

இதனால் என்ன லாபம்? அங்கேதான் மையாவின் மூளை வேலை செய்தது. மிளகாய் சாப்பிடாத ஊர் உலகத்தில் அபூர்வம். ஆகவே இந்த வைரஸ் ஒரு தண்ணீரில் நிறைய இருந்தால், அங்கே மனிதக் கழிவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். 2009-ல் இவருடைய குழு இதை ஓர் அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. தண்ணீர் சுத்தமா என்று பார்க்க வழக்கமாகத் தேடுவது ஈ-கோலை போன்ற பாக்டீரியாக்களை. அவை செத்த பிறகும் வியாதி தரும் வைரஸ்கள் தண்ணீரில் தங்கியிருக்கலாம். வைரஸின் தடத்தைப் பிடிக்க இன்னொரு வைரஸ் தோதாக இருக்கிறது.

கொரோனா காலத்தில் இந்த மிளகாய் வைரஸுக்கு யோகம் அடித்தது. ஒரு ஊரில் எவ்வளவு பேருக்குத் தொற்று என்று தெரிந்துகொள்ள, பல நாடுகளில் சாக்கடை நீரில் கொரோனா வைரஸைத் தேடினார்கள். மழை பெய்தால் சாக்கடை நீர்த்துப் போகும், கணக்குத் தப்பும். அந்தத் தப்பைச் சரிசெய்ய, அதே தண்ணீரில் மனிதக் கழிவு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தாக வேண்டும். அந்த அளவுகோல்களில் ஒன்றாக உதவியது இந்த மிளகாய் வைரஸ்தான்! கடல் தண்ணீரில் வைரஸ் தேடப்போன ஒரு மாணவியின் ஆர்வம், இருபது வருஷத்துக்குள் ஊர் ஆரோக்கியத்துக்குக் காவல்காரனாக வந்து நிற்கிறது.

உயிர் காத்த வைரஸ்

இன்னொரு சம்பவம். இதில் வருகிறவர் மையாவின் குருநாதர் ரோவர்.

2015 நவம்பரில் டாம் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மனைவியோடு எகிப்துக்குச் சுற்றுலா போனார். போன இடத்தில் கடுமையான நோய்த்தொற்று. கிருமியின் பெயர் அசினெட்டோபாக்டர் பாமனி. எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அசையவில்லை. சான்டியாகோ ஆஸ்பத்திரியில் கோமாவில் கிடந்தார். மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ, தொற்றுநோய் பரவலை ஆராய்கிறவர். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களைக் கொண்டு வைத்தியம் செய்யலாம் என்ற பழைய யோசனையை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தேடி எடுத்தார். 'என் கணவரின் கிருமிக்குப் பொருந்தும் வைரஸ் உங்களிடம் இருக்கிறதா?' என்று ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதிக் கேட்டார்.

டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்தும் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்தும் வைரஸ்கள் வந்தன. அவற்றை மனித ரத்தத்தில் செலுத்தும் அளவுக்குச் சுத்தப்படுத்தும் வேலையில் கைகொடுத்தது யார்? பவளப் பாறையை ஆராயும் ரோவரின் லேப்! 2016 மார்ச்சில் வைத்தியம் தொடங்கியது. பேட்டர்சன் கண் விழித்தார். பிழைத்து வீடு திரும்பினார்.

இது ஏதோ வெள்ளைக்காரர்களின் புது மாயம் என்று நினைக்க வேண்டாம். 1896-லேயே ஹான்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனைத் தண்ணீரில் காலரா கிருமி சாகிறது என்று எழுதி வைத்தார். 1917-ல் பிரான்சில் டிஹெரல் என்பவர் இந்த வகை வைரஸுக்கு 'பாக்டீரியோபேஜ்' என்று பெயர் வைத்தார். 'பாக்டீரியாவைத் தின்பது' என்று அர்த்தம். ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்த வேகத்தில் உலகத்தின் பெரும்பகுதி இந்த வைத்தியத்தை மறந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. இது மருந்துக் கடையில் சீட்டுக் கொடுத்து வாங்குகிற வைத்தியம் அல்ல. பெரிய ஆஸ்பத்திரிகளில், வேறு வழியில்லாத நிலையில், நிபுணர்கள் யோசித்துச் செய்வது. கடல் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ குடித்தால் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

லேபை விட்டு வெளியே வந்தால் என்ன?

"விஞ்ஞானி என்றால் ஆராய்ச்சி செய்யட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் போய்ப் பேசுவதும், படம் போட்டுப் புத்தகம் எழுதுவதும் அவர் வேலையா? அந்த நேரத்தில் இன்னொரு கண்டுபிடிப்பைச் செய்யலாமே?" இப்படிக் கேட்பவர்கள் உண்டு. விஞ்ஞானிகளுக்குள்ளேயே உண்டு. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளைத்தான் எண்ணுகிறார்கள். எத்தனை குழந்தைகளுக்குப் புரிய வைத்தீர்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. பேச்சுத் திறமை எல்லோருக்கும் வாய்ப்பதும் இல்லை.

ஆனாலும் இந்த வாதத்தை நான் ஏற்க மாட்டேன். கொரோனா வந்தபோது நாம் கண்ணால் பார்த்தோம். தடுப்பூசி கண்டுபிடித்தது பாதி வேலை. அதை ஜனங்கள் நம்பிப் போட்டுக்கொள்ள வைத்தது மீதிப் பாதி. வியாதி வந்த பிறகு, பயந்து போயிருக்கிற ஜனங்களிடம் அவசர அவசரமாக 'வைரஸ் என்றால் என்ன' என்று பாடம் நடத்த முடியாது. அதற்கு நல்ல நாளிலேயே பேசிப் பழகியிருக்க வேண்டும்.

கடல் ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் அதைச் செய்திருக்கிறார்கள். ரோவர் தன் நண்பர்களோடு சேர்ந்து 2014-ல் பாக்டீரியா தின்னும் வைரஸ்களைப் பற்றிப் படங்கள் நிறைந்த ஒரு புத்தகமே போட்டார். கடலின் நுண்பயிர்களை ஆராயும் பென்னி சிஷோம் என்ற அம்மையார், மாலி பேங் என்ற ஓவியரோடு சேர்ந்து குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் எழுதினார். மையா பேராசிரியரான அந்தக் கல்லூரி, பள்ளி மாணவிகளைக் கப்பலேற்றி, கடல் ஆராய்ச்சியைக் கையால் தொட்டுப் பார்க்க வைக்கும் கோடைக்கால முகாம் ஒன்றை 1991-ல் தொடங்கியது. மாணவிகளுக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள். சேறும் உப்பும் படுகிற வேலை பெண்களுக்கு ஒத்துவராது என்ற எண்ணம் அங்கேயும் இருந்திருக்கிறது!

நம் வீட்டிலும் ஒரு பெண் கடல், கிருமி என்று ஆர்வம் காட்டினால் "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று முதல் வாக்கியத்திலேயே வாயை அடைக்காதீர்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம் இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை.

மாத்திரைக் கணக்கு

இந்தக் கடல் கதை நம் வீட்டு மருந்து டப்பாவில் எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்.

குழந்தைக்கு ஜலதோஷம், லேசான காய்ச்சல். டாக்டர் பார்த்துவிட்டு, "வைரஸ் காய்ச்சல்தான். நாலு நாள்ல சரியாயிடும். நிறைய தண்ணி குடுங்க" என்கிறார். நமக்குத் திருப்தி இல்லை. "என்ன டாக்டர், ஒரு ஆன்டிபயாடிக்கூட எழுதலையே?" என்கிறோம். இல்லாவிட்டால் மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கிவிடுகிறோம். போன தடவை மிஞ்சிய நாலு மாத்திரையைக் கொடுப்பவர்களும் உண்டு.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. வைரஸை அது தொடக்கூடத் தொடாது. வைரஸ் காய்ச்சலுக்கு அதைக் கொடுத்தால் வந்த வைரஸ் ஜாலியாக இருக்கும். வயிற்றில் இருக்கும் நல்ல பாக்டீரியா சாகும். தப்பித்த கெட்ட பாக்டீரியா மருந்துக்குப் பழகிக்கொள்ளும். இப்படி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிர் இழந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. பேட்டர்சனைக் கோமாவில் தள்ளியதும் இந்த ஜாதிக் கிருமிதான். அவருக்கு விஞ்ஞானி மனைவி இருந்தார். பக்கத்திலேயே ரோவரின் லேப் இருந்தது. நமக்கு?

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், "இது வைரஸா, பாக்டீரியாவா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வைரஸ் என்று சொன்னால் ஆன்டிபயாடிக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். பாக்டீரியா என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து அடுத்த வீட்டுக்குத் தானம் செய்யாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, குழந்தை துவண்டு போனாலோ, காய்ச்சல் இறங்காவிட்டாலோ 'வைரஸ்தானே' என்று வீட்டில் வைத்துக்கொண்டிராமல் உடனே மறுபடி டாக்டரிடம் போங்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'ஏன் மாத்திரை தரவில்லை' என்று இரண்டு நிமிஷம் விளக்குங்கள். அந்த இரண்டு நிமிஷம் ஒரு மாத்திரைக்குச் சமம்.

விஞ்ஞானிகளுக்கு இன்னொன்று. உங்கள் ஆராய்ச்சிக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு ஜனங்களின் வரிப்பணம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், தமிழில், பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி உங்கள் வேலையைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடங்களும் கூச்சப்படாமல் அவர்களைக் கூப்பிடலாம். அப்படி ஒரு பேச்சைக் கேட்ட குழந்தை, நாளைக்கு அம்மாவாகி, தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது சரியான கேள்வியைக் கேட்பாள். அந்த ஒரு கேள்வியால் எத்தனை தப்பு மாத்திரைகள் மிச்சமாகும் என்று யோசித்துப் பாருங்கள்!